மலாக்காவின் பின்கட்டு

மலாக்காவுக்குச் செல்லும் பயணியர் பெரும்பாலும் அந்நகரத்தின் திண்ணையோடு திரும்பிவிடுகின்றனர். ஆற்றங்கரையில் செந்நிறம் பூசிய டச்சுக் கட்டடங்கள், போர்த்துக்கீசியரின் ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயில், செயிண்ட் பால் குன்று, மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், அதே தெருவில் நிற்கும் கிளிங் பள்ளிவாசல், சீனர் கோயில் ஆகியவை ஒரு நாள் நடையில் அடங்கிவிடுகின்றன. 2008இல் யுனெஸ்கோ அமைப்பு ஜார்ஜ் டவுனோடு சேர்த்து இந்நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பிறகு அந்த ஒரு நாள் நடையே மலாக்காவின் முழு வரலாறு என்னும் எண்ணமும் வலுப்பெற்றுவிட்டது. ஆனால் துறைமுகத்துக்கு அரிசியும் பழமும் ஈயமும் பின்னாளில் ரப்பரும் வந்து சேர்ந்த உள்நாடு ஒன்று அந்நகரத்துக்கு எப்போதும் இருந்தது. பழைய தமிழ் வீடுகளில் விருந்தினர் பார்வைக்கு எட்டாமல், ஆனால் வீட்டின் பிழைப்பு முழுவதும் நடந்தேறும் பின்கட்டைப் போன்றது அந்த உள்நாடு. அதன் நடுவில் உள்ளது சிம்பாங் அம்பாட்.

மலாக்கா நகரத்திலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்த இந்தச் சிற்றூரின் பெயருக்கு நாற்சந்தி என்பதே பொருள்: மலாய் மொழியில் 'சிம்பாங்' சந்தி, 'அம்பாட்' என்பது நான்கைக் குறிக்கும் சொல்லின் பழைய எழுத்துவடிவம். பினாங்கிலும் பேராக்கிலும் இதே பெயருடைய ஊர்கள் இருப்பதால் இதற்கு மலாக்கா என்ற அடைமொழி அடிக்கடி தேவைப்படுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைவோர்க்கு இது ஒரு சுங்கச்சாவடியின் பெயர் மட்டுமே. ஆயினும் இங்கிருந்து திசைதோறும் நோக்கினால், தெற்கே அலோர் காஜாவும், கிழக்கே பூலாவ் செபாங்கும் அதை ஒட்டிய தம்பினும், வடமேற்கே ரெம்பாவ் சமவெளியும், மேற்கே லூபோக் சீனாவைக் கடந்து லிங்கி ஆற்று முகத்துவாரமும் அரை மணி முதல் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடுகின்றன. இந்த வட்டத்தின் பெரும்பகுதிக்கு ஒரு காலத்தில் 'நானிங்' என்று பெயர். மலாக்காவை ஆண்ட டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தமக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லிக்கொண்ட, ஆனால் தன் தலைவனைத் தானே தேர்ந்துகொண்ட குறுநாடு அது.

புகழ்பெற்ற துறைமுகத்தின் நிழலில் உள்நாடு மறைந்துபோவது மலாக்காவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்கிழக்கு ஐரோப்பாவில் அட்ரியாட்டிக் கடற்கரை நகரங்களில் கூட்டம் நெரியும்போது, அவற்றின் பின்னுள்ள மலைநாட்டில் ஒஸ்மானியப் பேரரசின் காலத்துப் பாலங்களும் சந்தைகளும் ஆளரவமின்றி இருப்பதைப் பயணியர் அண்மைக்காலத்தில்தான் கவனிக்கத் தொடங்கினர். மலாக்கா பட்டியலேறிய அதே 2008இல்தான் அல்பேனியாவின் பெராத் என்னும் உள்நாட்டு நகரமும் ஜிரோகாஸ்தர் நகரத்தோடு இணைத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு உள்நாட்டு ஊர் ஒன்று ஏற்பு பெற்ற ஆண்டில் இங்குத் துறைமுகத்தின் புகழ் மேலும் ஒரு மடங்கு கூடியது. நானிங்கைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இன்னொரு ஒப்புமையும் உண்டு. போஸ்னியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் வயல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் 'ஸ்தேச்சாக்' எனப்படும் இடைக்காலக் கல்லறைப் பெருங்கற்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. 2016இல் அவற்றில் 28 தொகுதிகள் உலகப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டன. அலோர் காஜா மாவட்டத்தின் கம்பங்களிலும், அதாவது மலாய்ச் சிற்றூர்களிலும், எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலானிலும் அதே போல நட்டுவைத்த கற்கள் பழமர நிழலிலும் ரப்பர் மரங்களுக்கு இடையிலும் நிற்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றை 'பாத்து ஹிடோப்', அதாவது உயிருள்ள கல் என்பர். ஆண்டுக்காண்டு அவை சிறிது சிறிதாக வளர்கின்றன என்பது நம்பிக்கை. தொல்லியலார் பெருங்கற்சின்னங்கள் என்னும் பொதுப்பெயரில் இவற்றை அடக்குகின்றனர். நடுகல்லையும் கல்வட்டத்தையும் ஊர்ப்புறத்தில் கண்டு பழகிய தமிழ் வாசகர்க்கு இக்கற்கள் அந்நியமாகத் தோன்றா; வீரன் கல்லுக்கு மஞ்சள் பூசி வணங்கும் மனநிலைக்கும், கல் வளர்கிறது என்று சொல்லி அதை வெட்டாமல் விடும் மனநிலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

இக்கற்களுள் தலையாயவை மலாக்காவின் எல்லைக்கு ஓர் அடி வெளியே, லூபோக் சீனாவை அடுத்த பெங்காலான் கெம்பாஸில் உள்ளன. 'பெங்காலான்' படகுத்துறை, 'கெம்பாஸ்' ஒரு காட்டுமரம். லிங்கி ஆற்றின் பழைய இறங்குதுறை இது என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது. இங்கு அகமட் மஜ்னுன் என்பவரின் அடக்கத்தலமாகக் கருதப்படும் இடத்தில் வாள், கரண்டி, சுக்கான் என உருவத்தால் பெயர்பெற்ற மூன்று செதுக்குக் கற்கள் நிற்க, அருகிலுள்ள தூணில் இருவேறு எழுத்துகளில் பொறிப்புகள் உள்ளன: ஒன்று அரபு எழுத்தைத் தழுவிய ஜாவியில், மற்றொன்று பல்லவ எழுத்தின் வழிவந்த பழைய சாவக எழுத்தான காவியில். காவிப் பொறிப்பு சக ஆண்டு 1385ஐத் தருகிறது. அது பொதுக்கணக்கில் 1463. ஜாவிப் பொறிப்பின் ஹிஜ்ரி 872 என்பது 1467ஐ ஒட்டியது. மலாக்கா சுல்தானகம் செழித்திருந்த, இஸ்லாம் வேரூன்றிவிட்ட காலத்தில், துறைமுகத்துக்குச் சில காத தூரத்தில் சக ஆண்டில் நாள் குறிக்கத் தெரிந்த கை ஒன்று உளி பிடித்திருந்தது என்பதற்கு இத்தூணே சான்று. கல்வெட்டுகளில் 'சகாப்தம்' என்று தொடங்கும் வரிகளைப் படித்துப் பழகிய தமிழர்க்கு அக்கணக்கு வீட்டுக் கணக்கு. இவ்வளாகத்தின் துளையுள்ள கல்லில் கைவிட்டுப் பொய் சொன்னால் துளை இறுகிக் கையைப் பற்றிக்கொள்ளும் என்னும் வழக்கு, கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கத்தின் நெருங்கிய உறவு.

நானிங்கின் மலாய்க்குடிகள் சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து மலைகளையும் ஆறுகளையும் கடந்து வந்து குடியேறியோரின் வழியினர். அவர்கள் தங்களோடு கொண்டுவந்தது 'ஆடாட் பெர்பாதே' எனப்படும் தாய்வழி மரபு: குலம் தாயின் வழியே தொடரும், பரம்பரை நிலமும் வீடும் மகள்களுக்கு உரியவை, மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான், ஒரே குலத்துக்குள் மணம் கூடாது. குலத்தை அவர்கள் 'சூக்கு' என்பர். தமிழர்க்கு இதை விளக்க மிக அண்மையான எடுத்துக்காட்டு இலங்கையின் மட்டக்களப்பில் கிடைக்கிறது. அங்கும் 'குடி' தாய்வழியில் எண்ணப்படுகிறது, கோயில் உரிமைகளும் முக்குவர் வழமையில் சொத்தும் அவ்வழியில் இறங்கின. மலாக்கா மாநிலத்தின் பிற பகுதிகளில் தந்தைவழி மரபு நிலவ, நானிங் மட்டும் ரெம்பாவோடும் நெகிரி செம்பிலானின் பிற பகுதிகளோடும் சேர்ந்து தாய்வழியைப் பற்றிக்கொண்டிருந்தது. நானிங்கின் தலைவருக்கு 'ஓராங் காயா ஸ்ரீ ராஜா மேரா' என்பது பட்டம். அரசியல் அதிகாரம் போய் நெடுங்காலமாகியும் சடங்குத் தலைமை இன்றுவரை நீடிக்கிறது.

டச்சுக்காரர் 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்த அதே ஆண்டில் நானிங்கோடு ஓர் ஒப்பந்தம் செய்து, விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தமக்குச் செலுத்த வேண்டும் என்று எழுதி வாங்கினர். எழுதியது ஒன்று, நடந்தது வேறு. காட்டுக்குள் சென்று நெல்லளந்து வருவது வரவை விஞ்சிய செலவு என்பதை நடைமுறையில் கற்ற டச்சுக்காரர், 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பத்திலொன்றை ஆண்டுக்கு 400 காந்தாங் நெல்லாகக் குறைத்துக்கொண்டனர். காந்தாங் என்பது சுமார் நாலரை லிட்டர் கொள்ளும் மலாய் முகத்தலளவை. ஆக மொத்தம் ஒரு நடுத்தர மாட்டுவண்டிச் சுமைதான். அது வரியாக இருந்ததைவிட, ஆண்டுக்கொரு முறை தலைவர் அனுப்பும் மரியாதைச் சீராகவே இருந்தது என்று கொள்வது பொருந்தும். இரு தரப்பும் தத்தம் வசதிக்கேற்ப அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ள முடிந்தவரை சண்டைக்கு இடமிருக்கவில்லை.

1824ஆம் ஆண்டின் ஆங்கில டச்சு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1826இல் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே நிர்வாகமாக்கப்பட்டபோது அந்த வசதியான மங்கல் கலைந்தது. ஆளுநராக வந்த ராபர்ட் ஃபுல்லர்ட்டன் மதராஸ் ஆட்சிப்பணியில் வளர்ந்தவர்; நிலம் என்றால் அளவை, பட்டா, தீர்வை என்று எண்ணிப் பழகியவர். தஞ்சை வயலையும் செங்கல்பட்டு ஏரிப்பாசனத்தையும் மனத்தில் கொண்டு நானிங்கின் சரிவு வயல்களையும் துரியான் தோப்புகளையும் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுவே அவருக்கும் அவரைச் சூழ்ந்த அதிகாரிகளுக்கும் தோன்றிற்று: 1641ஆம் ஆண்டு ஏட்டில் உள்ள பத்திலொரு பங்கு முழுவதும் கம்பெனிக்குச் சேர வேண்டியது, அங்கு நடக்கும் கொலை வழக்குகளும் மலாக்கா நீதிமன்றத்துக்கு வர வேண்டியவை. நானிங்கின் பெங்குலுவான, அதாவது தலைவரான டோல் சையிட் இரண்டையும் ஏற்கவில்லை. மலாய் வரலாற்று நூல்கள் இதைத் தனியொரு தலைவனின் வீரக்கதையாகச் சொல்வது இயல்பே. ஆயினும் சென்னைக் கோட்டையின் வருவாய்க் கணக்கு முறை கடல் கடந்து வந்து ஒரு மினாங்கபாவ் தாய்வழி நாட்டின் வரப்பில் தடுக்கி விழுந்த கதையாகவும் இதைப் படிக்கலாம்.

1831 நடுப்பகுதியில் கேப்டன் வைலி என்பவரின் தலைமையில் மதராஸ் சுதேசக் காலாட்படையின் 29ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த சுமார் 150 சிப்பாய்களும் இரண்டு சிறு பீரங்கிகளும் நானிங் நோக்கிப் புறப்பட்டன. தலைவர் ஊரான தாபோ, இன்றைய சிம்பாங் அம்பாட்டை அடுத்த தாபோ நானிங், அவர்களின் இலக்கு. பாதை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வயல் வரப்பும் சேறும் காட்டுத்தடமும் மாறி மாறி வர, டோல் சையிட்டின் ஆட்கள் மரங்களை வெட்டி வழியில் சாய்த்து, மரத்தடுப்பு அரண்களுக்குப் பின்னிருந்து சுட்டனர். ரெம்பாவ் ஆட்களும் அவருக்குத் துணை வந்தனர். உணவும் தோட்டாவும் பின்னாலிருந்து வந்து சேரவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் படை பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்து விட்டுவிட்டு மலாக்காவுக்குப் பின்வாங்கியது. 400 காந்தாங் நெல்லைப் பத்திலொன்றாக உயர்த்தச் சென்ற கம்பெனி, சென்ற வழியையே காக்க முடியாமல் திரும்பியது.

இரண்டாவது படையெடுப்பு 1832இன் தொடக்கத்தில், மதராஸிலிருந்து வந்து சேர்ந்த கூடுதல் காலாட்படையோடும் பீரங்கிப்படையோடும் நடந்தது. இம்முறை சண்டையைவிட மண்வெட்டிக்கும் கோடரிக்குமே வேலை அதிகம். மலாக்காவிலிருந்து சுங்கை பெத்தாய், அலோர் காஜா வழியாகத் தாபோ வரை, மறைந்திருந்து சுட இடமில்லாதபடி இருபுறமும் காட்டை அகலமாக வெட்டித் தள்ளி, வண்டிகள் செல்லத்தக்க சாலையைப் படை தன் முன்னே போட்டுக்கொண்டே நகர்ந்தது; ஒரு மாதத்துக்கு மூன்று நான்கு மைல் என்பதே அதன் வேகம். இப்பணியில் முன்னின்றோர் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எனப்பட்ட சாலை, பாலம், சுரங்கப் பணிப் படையினர். 1780இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றை எண்ணும் அப்படை இன்று பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டு இந்திய இராணுவத்தில் தொடர்கிறது. அதன் வீரர்களுக்கு 'தம்பி' என்னும் தமிழ் அழைப்பே இன்றளவும் பட்டப்பெயர். ரெம்பாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதும் ஆங்கிலேயர்க்குப் பெரும் உதவியாயிற்று. அந்நாட்டு ராஜா அலியின் மருமகனான சையிட் சாபான் தம் ஆட்களோடு வந்து காட்டுப் போரின் நுணுக்கங்களை அவர்களுக்காகச் செய்துகாட்டினார். 1832 ஜூனில் தாபோ வீழ்ந்தது. இந்தப் போருக்கான செலவு சுமார் ஒரு லட்சம் பவுன் என்று கணக்கிடப்படுகிறது. நானிங்கின் நெல்லிலிருந்து அதை மீட்பதென்றால் பல தலைமுறைகள் போதா.

டோல் சையிட் 1834இல் சரணடைந்தபோது கம்பெனி அவரைச் சிறையிலிடாமல், மலாக்காவில் வீடும் மாதம் 100 ரூபாய் ஓய்வூதியமும் தந்து வைத்துக்கொண்டது. வயல் பார்த்தும், நாட்டுமருந்து கொடுத்தும் மரியாதையோடு வாழ்ந்து 1849இல் மறைந்த அவருடைய கல்லறை தாபோ நானிங்கில் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடம். எதிர்த்தரப்பில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கும் இடம் குறிக்கப்பட்டுள்ளது. அலோர் காஜாவில் அவர்களின் சிறு இடுகாடு ஒன்று உள்ளது. மலாக்காவில் செயிண்ட் பால் குன்றின் சரிவில் டச்சு இடுகாடு என்று பெயர்பெற்றும் டச்சுக் கல்லறைகளைவிட ஆங்கிலக் கல்லறைகளே மிகுந்த தோட்டத்தில், நானிங்கில் மாண்ட இளம் லெப்டினன்ட்டுகளின் பெயர் தாங்கிய கூர்ங்கோபுரக் கல் நிற்கிறது. ஆனால் அப்போரில் நடந்தோரும், மரம் வெட்டியோரும், காய்ச்சலில் சுருண்டோரும், சுடப்பட்டு விழுந்தோரும் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களும் அடங்கிய மதராஸ் படையின் சாதாரணச் சிப்பாய்கள். அவர்களுள் ஒருவருடைய பெயரும் அந்தக் கற்களில் இல்லை. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. அதிகாரிக்குக் கல்லும் சிப்பாய்க்குச் சம்பளப் பட்டியலும் என்பதே கம்பெனி இராணுவத்தின் நினைவுமுறை.

போரைப் பற்றிய எழுத்தும் மதராஸ் வழியாகவே வந்தது. மதராஸ் பீரங்கிப்படையின் கேப்டன் பெக்பி, தாம் கண்டதையும் கேட்டதையும் சேர்த்து எழுதிய 'தி மலாயன் பெனின்சுலா' என்னும் நூல் 1834இல் அச்சானது சென்னை வேப்பேரியின் மிஷன் அச்சகத்தில். 18ஆம் நூற்றாண்டில் ஃபப்ரிசியஸ் பாதிரியாரின் தமிழ் அகராதியை அச்சிட்ட வேப்பேரி அச்சு மரபின் வழிவந்த அச்சகம் அது. மதராஸ் சுதேசக் காலாட்படையைச் சேர்ந்த நியூபோல்ட் 1839இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் பற்றிய நூலும் நானிங்கின் குலங்கள், நிலம், வழக்குகள் குறித்து விரிவாகப் பேசுகிறது. ஆக, மலாய் உள்நாடொன்றைப் பற்றிய தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்றின் எழுத்துகள் கோக்கப்பட்டது வேப்பேரியில்; அந்த எழுத்துக்கோப்போர் தம் ஊர்ச் சிப்பாய்கள் போட்ட சாலையைப் பற்றிய வரிகளைக் கோத்திருப்பர். நூலின் ஆசிரியர்க்கு அந்தச் சிப்பாய்கள் எண்ணிக்கை மட்டுமே.

அந்தச் சாலையே பின்னர் நானிங்கை மாற்றியது. போருக்குப் பின் இந்நாடு மலாக்காவோடு சேர்க்கப்பட்டு முக்கிம்களாக, அதாவது சிற்றூர் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் காட்டை அழித்து மரவள்ளி பயிரிட்டனர். சில ஆண்டுகளில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டு அடுத்த காட்டுக்கு நகரும் பயிர் அது. அதன்பின் வந்தது ரப்பர். மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான், சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டது மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுகிறது. அடுத்து புக்கிட் அசாகானில் அவர் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் இறங்கினார். 1910ஐ ஒட்டிய விலையேற்றம் ஐரோப்பியக் கம்பெனிகளை உள்ளே இழுக்க, அலோர் காஜாவைச் சுற்றிய மேட்டுநிலங்கள் வரிசை வரிசையாகப் பால்மரங்கள் ஆயின. மலாயாத் தமிழர் ரப்பரைப் பால்மரம் என்றே சொல்வர்.

தமிழரின் இரண்டாம் வருகை இந்தத் தோட்டங்களுக்கானது. சிப்பாய்கள் போரோடு திரும்பினர், கூலிகளோ தங்கினர். ஊர் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வரும் கங்காணி முறையில், 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியில் முதலாளிகள் செலுத்திய தீர்வையிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட, ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாக அவர்கள் வந்தனர். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நின்றது; கங்காணி வழி வருகையை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. தோட்டத்தின் நாள் விடியுமுன் 'பெரட்டு' எனப்படும் ஆள்கணக்கோடு தொடங்கும். லயம் எனப்படும் வரிசைவீடுகளிலிருந்து வந்தோர்க்குக் கிராணி, அதாவது கணக்கர், பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே பட்டையைச் சீவி, சொட்டும் பாலை மரத்தில் கட்டிய மங்கில் விழவிட்டு, முற்பகலில் காண்டா வாளிகளில் சேர்த்துத் தோளில் சுமந்து பால் ஸ்டோரில் அளந்து கொடுப்பர். 'மங்கு' மலாயின் மங்குக், 'காண்டா' மலாயின் காவுதடி. தாய்மொழியின் நடுவே இவ்வாறு குடியேறிய சொற்கள், கம்பத்து மலாய்க்காரரும் லயத்துத் தமிழரும் கடைவீதியில் ஒருவரையொருவர் கண்டு பேசிய அளவைக் காட்டும். ஆற்றோரம் ஒரு மாரியம்மனும், தோட்ட எல்லையில் ஒரு முனீஸ்வரரும் இல்லாத தோட்டம் இல்லை.

இந்த விளைச்சலைக் கடலுக்குக் கொண்டு செல்ல 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை ஒரு கிளை ரயில்பாதை திறக்கப்பட்டது. அதன் ஆயுள் நாற்பதாண்டும் நிறையவில்லை. ஜப்பானிய ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 415 கிலோமீட்டர் நீளச் சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் அதே பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். தண்டவாளமும் அதன் மேல் ரப்பரை ஏற்றி அனுப்பியோரின் உறவுகளும் ஒரே காட்டில் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலாக்காக் கிளை மீண்டும் போடப்படவில்லை. நகரத்துக்கு ரயிலில் வர விரும்பும் பயணி இன்றும் பூலாவ் செபாங்கில், தம்பின் எல்லையில் இறங்கிச் சாலையைப் பிடிக்க வேண்டும். பழைய பாதை சென்ற தடத்தைத் தேடுவோர்க்கு ஆங்காங்கே மேடுகளும் பாலத் தாங்கிகளும் தட்டுப்படும்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கத் தொடங்கியபோது லயங்கள் கலைந்தன. அந்தத் துண்டாடலுக்கு எதிர்வினையாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தப்பிய தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு போதும். தோட்டம் நகரமானது, சில நிலங்கள் வீடமைப்பாயின. நெடுஞ்சாலை சிம்பாங் அம்பாட்டைத் தொட்டபின் கெமுஸ் சாலையில் ஆ ஃபமோசா என்னும் போர்த்துக்கீசியக் கோட்டையின் பெயரையே சூடிய உல்லாசப் பூங்கா ஒன்றும் எழுந்தது. உண்மைக் கோட்டையோ 30 கிலோமீட்டர் தள்ளி இருக்க, அதன் பெயரைத் தேடி வருவோர் நானிங்கின் நடுவில் நீர்ச்சறுக்கில் விளையாடுவது வரலாற்றின் சிறு குறும்பு. தோட்டத்தின் நினைவைத் தாங்குவன தமிழ்ப்பள்ளிகள்: கெமுனிங், தெபோலாங், சுங்கை பாரு எனப் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் 'தோட்டம்' என்ற சொல் நிலைத்திருக்கிறது.

அலோர் காஜாவை அடுத்த காடேக்கிலும், கெமுஸ் பக்கத்துச் செரானா பூத்தேயிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. கந்தக வாடை வீசும் இவற்றில் கால்வலிக்காரர் வந்து கால் நனைத்துச் செல்வர். 'செரானா' வெற்றிலைத் தட்டு. வெண்ணிறத் தட்டு ஒன்றின் கதை அவ்வூற்றோடு சொல்லப்படுகிறது. தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது வாசற்பலகை: 'கோலாம் ஆயர் பானாஸ்', அதாவது வெந்நீர்க் குளம். 'கோலாம்' தமிழின் குளத்திலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். தோட்டங்களுக்கும் சிப்பாய்களுக்கும் நெடுங்காலம் முன்பே, கப்பலேறி வந்த வணிகரோடு வந்து தங்கிவிட்டது அது.

மேற்கே லிங்கி ஆறு கடலோடு கலக்கும் கோலா லிங்கியில், மரங்கள் மூடிய குன்றின்மேல் செம்பாறாங்கல்லால் கட்டிய டச்சுக் கோட்டையின் மதில்கள் நிற்கின்றன. உள்நாட்டிலிருந்து ஆற்றுவழி இறங்கும் ஈயத்தின் மீது கண்வைக்கவும், லிங்கியில் வலுப்பெற்றிருந்த பூகிஸ் மக்களைக் கட்டுப்படுத்தவும் 1750களில் எழுந்தது இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யாக்கோப் மோசலின் மகள் ஃபிலிப்பினாவின் பெயரால் இதற்கு ஃபிலிப்பினா கோட்டை என்று பெயரிட்டனர்; 1758இன் தொடக்கத்தில் டாயெங் கம்போஜா உள்ளிட்ட பூகிஸ் தலைவர்களோடு டச்சுக்காரர் செய்த உடன்படிக்கை இங்குதான் கையெழுத்தாயிற்று. ஏடுகளில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அந்தக் கரையின் மீனவரும் கம்பத்தாரும் அப்பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'கோத்தா சுப்பாய்'. கோத்தா என்பது கோட்டை. சுப்பாய், பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியே தமிழில் சிப்பாய் ஆன சொல்லின் மலாய் வடிவம் என்றே கொள்ளத்தக்கது. மதிலின் மேல் வேரோடிய மரங்களுக்கு நடுவே நின்றால் ஆற்றின் முகத்துவாரமும் நீரிணையும் தெரியும்.